காற்றுக்கு வழி வேண்டும்!

2025 நவம்பரில் கான்பூர் நகரின் பங்கி தொழிற்பேட்டையில், ஆலைக்குள் இருந்த ஒரு சிறு அறையில் நான்கு தொழிலாளர்கள் இரவு படுத்தார்கள். குளிருக்காகக் கரி நெருப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். காலையில் நால்வரும் பிணமாகக் கிடந்தார்கள். அதே மாதம் கர்நாடகத்தின் பெலகாவியில் மூன்று இளைஞர்கள் இதே விதத்தில் மாண்டார்கள். அதற்கு முந்தைய மாதம் மைசூர் மாவட்டம் பெட்டதபுரத்தில், குளியலறையில் கேஸ் கீசர் எரிந்து கொண்டிருக்கக் குளிக்கப் போன சகோதரிகள் இருவர் உயிரோடு வெளியே வரவில்லை. 2024 ஆகஸ்டில் நம் கொடைக்கானலில், இறைச்சி வாட்டிய கரி அடுப்பைப் படுக்கை அறையில் வைத்துக் கொண்டு தூங்கிய திருச்சி இளைஞர்கள் இருவர் விடிவதைப் பார்க்கவில்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், ஹோட்டல் அறையில் கேஸ் ஹீட்டரை எரிய விட்டு உறங்கிய கேரளத்துப் பயணிகள் எட்டுப் பேர் மடிந்தார்கள். அவர்களில் நான்கு பேர் குழந்தைகள்.

ஆறாண்டுகளுக்குள் ஐந்து சம்பவங்கள்; 19 உயிர்கள். பத்திரிகைகளில் வந்தவற்றில் ஐந்தை மட்டுமே இங்கே எடுத்துச் சொல்லியிருக்கிறோம்.

இவர்களில் எவரையும் நெருப்பு சுடவில்லை. எந்த வீடும் இடியவில்லை. உடலில் காயம் இல்லை. கூச்சல் கூடக் கேட்கவில்லை. எல்லோரையும் கொன்றது ஒரே வாயு: கார்பன் மோனாக்சைடு.

இதெல்லாம் குளிர்ப் பிரதேசத்துச் சங்கதி, வெயில் கொளுத்தும் வாலாஜாபேட்டைக்கும் ஆம்பூருக்கும் இதனால் என்ன என்று கேட்கத் தோன்றும். கொன்றது குளிர் அல்ல. எரியும் நெருப்பும் அடைபட்ட அறையும் ஒன்று சேர்ந்ததுதான் கொன்றது. அந்த இரண்டும் ராணிப்பேட்டையிலும் மேல்விஷாரத்திலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் நம் தொழிலாளர் குடியிருக்கும் தெருவெல்லாம் இருக்கின்றன. ஆகவே இந்த விஷயத்தை ஒவ்வொரு ஆலைத் தொழிலாளியும் ஒவ்வொரு விவசாயத் தொழிலாளியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வாயு எங்கிருந்து வருகிறது?

விறகானாலும், கரியானாலும், மண்ணெண்ணெயானாலும், டீசலானாலும், சிலிண்டர் கேஸானாலும் சரி, எரிவதற்குக் காற்றிலுள்ள பிராணவாயு வேண்டும். அது தாராளமாகக் கிடைத்தால் எரிபொருளிலுள்ள கரிச்சத்து முழுவதும் எரிந்து கரியமில வாயுவாகிப் போகும். பிராணவாயு போதாவிட்டால் நெருப்பு அரைகுறையாக எரியும். அந்த அரைகுறை எரிதலில் பிறப்பதுதான் கார்பன் மோனாக்சைடு.

அடைத்த அறையில் நடப்பது இதுதான். முதலில் நெருப்பு நன்றாக எரிகிறது. எரிய எரிய அறையிலுள்ள பிராணவாயு குறைகிறது. குறையக் குறைய எரிதல் கெடுகிறது, விஷம் பெருகுகிறது. நேரம் ஏற ஏற ஆபத்து வேகமாக வளர்கிறது. ஆட்களோ அதற்குள் தூங்கிப் போகிறார்கள்.

இந்த வாயு உடம்பை எப்படிக் கெடுக்கிறது? நம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் பொருள் இருக்கிறது. சுமை தூக்கும் தொழிலாளியைப் போல அதுதான் நுரையீரலிலிருந்து பிராணவாயுவைச் சுமந்து சென்று மூளைக்கும் இருதயத்துக்கும் தசைக்கும் கொடுக்கிறது. கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்தால், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக அந்தச் சிவப்புப் பொருளைப் பற்றிக் கொள்கிறது. பிராணவாயுவை ஏற்றிக் கொள்ள இடமில்லை. மார்பு ஏறி இறங்குகிறது, மூச்சு நடக்கிறது. ஆனால் மூளை பட்டினி கிடக்கிறது.

காற்றில் இந்த வாயு 10,000 பங்குக்கு 16 பங்கு இருந்தால் 20 நிமிஷத்தில் தலைவலியும் மயக்கமும் வரும். இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகும். நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேலே போனால் சில நிமிஷங்களே போதும். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் விஷயத்தில் இரட்டை ஆபத்து. தாயின் உடம்பிலிருந்து விஷம் நீங்கிய பிறகும் சிசுவின் ரத்தத்திலிருந்து அது எளிதில் நீங்குவதில்லை.

நம்மை ஏமாற்றும் நம்பிக்கைகள்

தோல் ஷாப்புத் தொழிலாளிக்கு விஷவாயு புதிதல்ல. கழிவுத் தொட்டியில் இறங்கியவர் ஏறி வராததும், அவரைத் தூக்கப் போனவரும் விழுந்ததும் இந்த வட்டாரம் அழுது தீர்த்த கதைகள். அங்கே கொல்வது ஹைட்ரஜன் சல்பைடு. அதற்காவது தொடக்கத்தில் அழுகிய முட்டை நாற்றம் உண்டு. அளவு கூடினால் மூக்கையே மரக்கச் செய்து விடும் என்றாலும், ஓர் எச்சரிக்கையாவது கொடுக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு அதுவும் இல்லை. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை, கண் எரியாது, தொண்டை கமறாது.

இதனால்தான் நம் ஜனங்களிடம் பரவியிருக்கும் சில நம்பிக்கைகளை உடைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"கேஸ் கசிந்தால் வாடை வருமே" என்பார்கள். சிலிண்டர் கேஸுக்கு இயற்கையில் வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டுமென்று மெர்காப்டான் என்ற நாற்றப் பொருளைக் கம்பெனிகள் அதில் கலக்கின்றன. கேஸ் எரியாமல் கசியும்போதுதான் அந்த வாடை வரும். எரிந்து பிறக்கும் கார்பன் மோனாக்சைடில் அது இராது. வாடையில்லை என்பதால் ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு.

"புகை அடங்கிவிட்டது, கனிந்த கரிதானே" என்பார்கள். புகையும் விறகு கண்ணைக் கரித்து நம்மை வெளியே விரட்டும். கனிந்து சிவந்த கரியோ புகையில்லாமல் விஷத்தை மட்டும் கக்கும். கான்பூரிலும் பெலகாவியிலும் கொடைக்கானலிலும் ஆளைக் கொன்றது கரிதான். பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையில் ஜன்னலை அடைத்துச் சாம்பிராணிக்கென்று கரி நெருப்பு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பெரியவர்கள் அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் பச்சைக் குழந்தைக்கும் தாய்க்கும் அதைவிடக் கெடுதல் வேறில்லை. இஸ்திரி போடும் தொழிலாளி, மழைக்குப் பயந்து பெட்டிக் கரியை அணைக்காமல் இரவில் வீட்டுக்குள் கொண்டு வந்து வைப்பதும் இப்படியே.

"ஒரு குண்டான் தண்ணீர் வைத்தால் வாயுவை இழுத்துக் கொள்ளும்" என்பார்கள். இழுக்காது. ஈரத் துணியை மூக்கில் கட்டினாலும் தடுக்காது. கொரோனாக் காலத்து முகமூடியும் தடுக்காது.

"விளக்கை இறக்கிப் பார்த்தேன், நின்று எரிந்தது" என்று கிணறு வெட்டும் தோழர்கள் சொல்வார்கள். கிணற்றில் பிராணவாயு குறைந்திருந்தால் விளக்கு அணையும். கார்பன் மோனாக்சைடோ, ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் விளக்கை அணைப்பதில்லை. தண்ணீர் கீழே போய்விட்ட கிணறுகளில் டீசல் எஞ்சினைப் பாதிக் கிணற்றில் இறக்கி ஓட்டும்போது, எஞ்சின் புகையிலுள்ள இந்த விஷம் கிணற்றுக்குள்ளேயே தேங்குகிறது. எஞ்சினை நிறுத்தப் போன விவசாயத் தொழிலாளி சுருண்டு விழுவது இதனால்தான். விளக்கு நின்று எரிவதை நம்பி இறங்கக் கூடாது.

சுரங்கத் தொழிலாளர் கற்றுத் தந்த பாடம்

இந்த உண்மைகளை உலகம் சும்மா தெரிந்து கொள்ளவில்லை. பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்கள் வெடித்து நூற்றுக்கணக்கில் தொழிலாளர்கள் செத்த காலத்தில், வெடியின் அதிர்ச்சியும் தீயும்தான் காரணம் என்று பொதுவாக எண்ணியிருந்தார்கள். ஜே. எஸ். ஹால்டேன் என்ற விஞ்ஞானி செத்தவர்களின் உடல்களை ஆராய்ந்து, பெரும்பாலோர் வெடிக்குப் பின் பரவிய கார்பன் மோனாக்சைடால் மாண்டார்கள் என்று 1896-ல் அறிக்கை கொடுத்தார். விளக்கு காட்டாத விஷத்தைச் சிறு உயிர்கள் காட்டும், மனிதனுக்கு முன்னால் அவை மயங்கும் என்றும் அவர் கண்டறிந்தார். அதிலிருந்துதான் சுரங்கத்துக்குள் கேனரிக் குருவிக் கூண்டைக் கொண்டு போகும் ஏற்பாடு வந்தது. குருவி சாய்ந்தால் ஆள் வெளியேற வேண்டும். 1986-ல் கருவிகள் வந்து மாற்றும் வரையில் பிரிட்டிஷ் சுரங்கங்களில் அந்தக் குருவிகள் இருந்தன.

நம் நாட்டில் 1994 ஜனவரி 25 அன்று மேற்கு வங்கத்தின் நியூ கெண்டா சுரங்கத்தில் தீப்பிடித்தபோது 55 தொழிலாளர்கள் மடிந்தார்கள். சுரங்கத்தில் ஆளைத் தேடி வருவது பெரும்பாலும் தீயல்ல, தீயிலிருந்து கிளம்பும் விஷவாயு.

சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை 'ஜெர்மினல்' நாவலில் உலகத்துக்கு எடுத்துக் காட்டிய பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஜோலாவின் முடிவும் இந்த வாயுவால்தான் வந்தது. 1902 செப்டம்பர் இறுதியில் பாரிஸ் நகரில் தன் வீட்டிலேயே, கணப்பின் புகைபோக்கி அடைபட்டுப் படுக்கை அறையில் வாயு நிறைந்ததால் அவர் மாண்டார். அவர் மனைவி பிழைத்தார். விரோதிகள் வேண்டுமென்றே புகைபோக்கியை அடைத்தார்கள் என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. யார் அடைத்தாலும் சரி, தானாக அடைந்தாலும் சரி, காற்று போகும் வழி அடைபட்டால் முடிவு ஒன்றே என்பதுதான் அதில் நமக்குள்ள பாடம்.

யாருடைய அறை அடைபட்டிருக்கிறது?

விஷவாயு பணக்காரன், ஏழை என்று பார்ப்பதில்லை என்பது உண்மை. ஆனால் விஷவாயு சேரும் அறை யாருக்கு வாய்க்கிறது என்பதைப் பணம்தான் தீர்மானிக்கிறது.

பங்களாவில் சமையலறை தனி, ஜன்னல் இரண்டு, புகையை வெளியே தள்ள மின்விசிறி. தொழிலாளிக்கோ பத்தடிக்குப் பத்தடி அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே பிள்ளைகளின் படிப்பு. ஜன்னல் இருந்தால் அதைத் திறக்க முடிகிறதா? திறந்தால் ஷாப்பின் துர்நாற்றம், சாக்கடைக் கொசு, மழைச் சாரல், தெருவில் போவோரின் பார்வை. ஆகவே சாக்குப் படுதாவையும் அட்டையையும் வைத்து அடைத்து விடுகிறார்கள். அடைத்தது அந்தக் குடும்பம்தான். அடைக்கும்படி செய்தது யார்? சாக்கடையை மூடாத நிர்வாகம், நாற்றத்தைக் கட்டுப்படுத்தாத முதலாளி, ஜன்னலுக்கு வலை கூடப் போடாமல் மாதம் தவறாமல் வாடகை வாங்குகிற வீட்டுச் சொந்தக்காரர்.

வெளி ராஜ்யங்களிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் நிலை இன்னும் மோசம். பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து நம்மோடு தோளுக்குத் தோள் நின்று வேலை செய்கிற இந்தச் சகோதரர்கள் பலருக்கு ஆலையே வீடு. 2015 ஜனவரி 31 அதிகாலை இருளில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் என்ன நடந்தது என்பதை நாம் மறக்கவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து ஷாப்பில் உறங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர்களைக் கழிவுச் சேறு மூடிக் கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அது விஷவாயு விபத்தல்ல. ஆனால் தொழிலாளி எங்கே படுத்துத் தூங்குகிறான் என்பது உயிர்ப் பிரச்னை என்று அன்று இந்த மண்ணில் ரத்தத்தால் எழுதப்பட்டது. கான்பூரில் செத்த நால்வரும் அதையே மறுபடி சொல்லிப் போயிருக்கிறார்கள்.

நெசவாளர் வீடுகளைப் பார்த்தாலும் இதே கதைதான். வாலாஜாபேட்டையில் தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ். நூலுக்குச் சாயம் காய்ச்சும் அடுப்பு வீட்டுக்குள்ளேயே எரிந்தால், தறிக்குழியில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்குச் சாயங்காலம் தலைவலி வருவதில் ஆச்சரியம் இல்லை. அதை வேலைக் களைப்பென்று நினைத்து ஒரு மாத்திரை போட்டுக் கொண்டு மறுநாளும் உட்காருகிறார்.

"அறியாமை" என்று சொல்லித் தப்பலாமா?

இப்படிச் சாவு நேரும்போதெல்லாம் அதிகாரிகள் ஒரே வார்த்தையில் விஷயத்தை முடிக்கிறார்கள்: "ஜனங்களின் அறியாமை." அறியாமை உண்டு, அதைப் போக்கத்தான் இதை எழுதுகிறோம். ஆனால் ஜன்னல் வைக்காமல் அறை கட்டியது அறியாமையா? புகைக்குழாய் பொருத்தாமல் குளியலறைக்குள் கீசரை மாட்டி விட்டுப் பணம் வாங்கிப் போனது அறியாமையா?

பிரிட்டனில் 1998-ல் செய்த கேஸ் பாதுகாப்பு விதிப்படி, வாடகைக்கு விடும் வீட்டிலுள்ள கேஸ் சாதனங்களையும் புகைக்குழாயையும் ஆண்டுக்கொரு முறை பதிவு பெற்ற தொழிலாளியைக் கொண்டு சோதிப்பது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. சோதனைச் சீட்டைக் குடியிருப்பவருக்குக் கொடுக்கவும் வேண்டும். 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்தில், சமையல் அடுப்பு நீங்கலாக எரிபொருள் எரியும் நிலையான சாதனம் உள்ள ஒவ்வொரு வாடகை அறையிலும் இந்த வாயுவைக் கண்டு அலறும் கருவியைப் பொருத்துவதும் அவர் கடமை. வாடகை வாங்குகிறவன் மூச்சுக்கும் ஜவாப்தாரி என்பது அந்தச் சட்டத்தின் சாரம். முதலாளித்துவ நாட்டிலேயே சாத்தியமானது இங்கே ஏன் சாத்தியமாகக் கூடாது?

நம் நாட்டில் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆலைக்குள் காற்றோட்டம் வேண்டுமென்றது. விஷவாயு தேங்கும் தொட்டியிலும் குழியிலும், வாயு இல்லையென்று தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் கொடுக்காமலோ, சுவாசக் கருவியும் இடுப்புக் கயிறும் இல்லாமலோ யாரும் இறங்கக் கூடாதென்றது. 1979-ம் ஆண்டு வெளி ராஜ்யத் தொழிலாளர் சட்டம், தகுந்த இருப்பிடம் தர வேண்டுமென்றது. எழுதியதில் எவ்வளவு நடந்தது என்பது தொழிலாளர்களுக்குத் தெரியும். 2025 நவம்பர் 21 அன்று மத்திய சர்க்கார் 29 சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புகளை அமலுக்குக் கொண்டு வந்தது. இந்த இரண்டு சட்டங்களும் அதில் அடங்கிப் போயின. மின்சக்தி உபயோகிக்கும் இடம் "தொழிற்சாலை" என்ற கணக்கில் வர, முன்பு 10 தொழிலாளர் போதும். இப்போது 20 பேர் வேண்டும். இந்தத் தோல் வட்டாரத்தில் 10 பேர், 15 பேரை வைத்து நடக்கும் சிறு ஷாப்புகளில் வேலை செய்பவர்கள் என்ன ஆவது? 20 பேருக்குக் குறைந்தால் நுரையீரல் வேறு விதமாக வேலை செய்யுமா?

எரிபொருள் விலையையும் இங்கே சொல்ல வேண்டும். அடுப்புப் புகை இன்றும் பெரிய கொலைகாரன். விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் வீட்டுப் புகையால் உலகில் 2020-ம் ஆண்டில் மட்டும் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அந்தப் புகையிலிருந்து நம் பெண்களை மீட்டது கேஸ் அடுப்பு. எனவே கேஸ் அடுப்பைக் கண்டு யாரும் அஞ்சத் தேவையில்லை. காற்றோட்டமும் நீலச் சுடரும் இருந்தால் விறகைவிட அது எவ்வளவோ மேல். 2007-ல் தமிழக சர்க்கார் இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016-ல் மத்திய சர்க்கார் உஜ்வலா திட்டம் கொண்டு வந்தது. ஆனால் 2025 ஏப்ரலில் சிலிண்டருக்கு ஒரே அடியாக 50 ரூபாய் ஏற்றியபோது உஜ்வலா குடும்பங்களையும் விட்டு வைக்கவில்லை. சிலிண்டர் தீர்ந்து மறு சிலிண்டருக்குக் காசில்லாத வாரத்தில் ஏழை வீட்டில் மறுபடி கரியும் சுள்ளியும் உள்ளே வருகின்றன. விலையேற்றம் பையை மட்டும் தொடுவதில்லை, மூச்சையும் தொடுகிறது.

இன்று இரவு முதல் செய்ய வேண்டியவை

சட்டம் வரும் வரையில் காத்திருக்க முடியாது. செலவில்லாமல் செய்யக் கூடியவை இவை:

1. படுக்கும் அறையில் கரி நெருப்பு கூடவே கூடாது. குளிருக்கோ, கொசுவுக்கோ, சாம்பிராணிக்கோ, எதற்கும் கூடாது. பிள்ளை பெற்றவளுக்குக் கம்பளியும் காற்றும் போதும்.

2. அடுப்பு எரியும்போது எதிரெதிரே இரண்டு வழி திறந்திருக்க வேண்டும். ஒன்று காற்று வர, மற்றொன்று போக. ஜன்னல் ஒன்றுதான் என்றால் கதவையும் திறந்து வையுங்கள்.

3. கேஸ் அடுப்பின் சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தாலோ எரிதல் சரியில்லை என்று அர்த்தம். பர்னர் துளைகளைத் தூய்மை செய்து, பிறகும் மாறாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அறையைச் சூடாக்குவதற்காகக் கேஸ் அடுப்பை எரிய விடாதீர்கள்.

4. கேஸ் கீசர் ஒரு சமையல் பர்னரைப் போல நான்கைந்து மடங்கு எரிகிறது. குளியலறையோ வீட்டிலேயே மிகச் சிறிய இடம். கீசர் வெளியே இருக்க வேண்டும். குழாயில் வெந்நீர் மட்டும் உள்ளே வரட்டும். உள்ளேதான் இருக்கிறது என்றால், கதவைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை நிறுத்தி, சற்று நேரம் பொறுத்து அப்புறம் குளியுங்கள்.

5. ஜெனரேட்டரையும் டீசல் எஞ்சினையும் கடைக்குள்ளோ, கொட்டகைக்குள்ளோ, கிணற்றுக்குள்ளோ ஓட்டாதீர்கள். எஞ்சின் ஓடிய கிணற்றில் உடனே இறங்காதீர்கள்.

6. வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, கால் தள்ளாட்டம் வந்து, வெளியே போனால் தேறி, உள்ளே வந்தால் திரும்பினால் அது பித்தமல்ல, ஜுரமல்ல. இந்த வாயு என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

ஆள் விழுந்து கிடந்தால் கதவு ஜன்னல்களைத் திறந்து, அடுப்பை நிறுத்தி, அவரை வெளிக் காற்றுக்கு இழுத்து வாருங்கள். மூச்சை அடக்கிக் கொண்டு போய் உடனே திரும்ப வேண்டும். தொட்டியாகவோ கிணறாகவோ இருந்தால் கருவியில்லாமல் இறங்கவே கூடாது. ஒருவரைக் காக்கப் போய் மூவர் சாவது வீரமல்ல. 108-க்குப் போன் செய்யுங்கள். சிலிண்டர் கசிவுக்கு 1906.

மருத்துவமனையில் "மூடிய அறையில் நெருப்பு இருந்தது" என்ற சேதியை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கொரோனாக் காலத்தில் எல்லோரும் பார்த்த விரல் கிளிப், பிராணவாயுவையும் இந்த விஷத்தையும் பிரித்தறியாது. ஆபத்தில் இருப்பவருக்கும் "சரியாக இருக்கிறது" என்றே எண் காட்டும். அதை நம்பி வீட்டுக்கு அனுப்பினால் ஆள் போவார். சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள விஷம் பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே முழுப் பிராணவாயு கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணியில் குறையும். பிழைத்தவருக்கும் சில நாள், சில வாரம் கழித்து மறதியும் தடுமாற்றமும் வரலாம் என்பதால் வைத்தியரைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

நாம் கேட்பது என்ன?

ஆலை முதலாளிகளும் ஒப்பந்தக்காரர்களும் தொழிலாளருக்குத் தரும் ஒவ்வொரு அறையிலும், அடைக்க முடியாத காற்று வழியும், படுக்கும் இடத்திலிருந்து பிரிந்த சமையலிடமும் இருக்க வேண்டும். புதிய தொகுப்பின் விதிகளில் இதைத் தெளிவாக எழுத வேண்டும். 20 பேருக்குக் குறைந்த இடங்களையும் அதற்குள் கொண்டு வர வேண்டும். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்கள் மெஷினைப் பார்ப்பதோடு தொழிலாளி படுக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

வாலாஜாபேட்டை நகராட்சி 1866-ல் ஏற்பட்டது. ராஜதானியின் மூத்த நகராட்சிகளில் ஒன்றென்று பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமைக்கு ஏற்ப, வரி வசூலிக்கும் ஒவ்வொரு வாடகை வீட்டிலும் காற்று வழி இருக்கிறதா என்று பார்ப்பதில் அது வழிகாட்டட்டும். மற்ற நகராட்சிகளும் பின்பற்றட்டும். சாக்கடையை மூடி, கொசுவை ஒழித்து, நாற்றத்தைக் கட்டுப்படுத்தினால் ஜனங்கள் தாங்களே ஜன்னலைத் திறப்பார்கள்.

கேஸ் ஏஜென்சிகளிலிருந்து சோதனைக்கு வருபவர்கள் ரப்பர் குழாயைத் தொட்டுப் பார்த்துக் கையெழுத்து வாங்கிப் போகாமல், காற்று வழியையும் சுடரின் நிறத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். புகைக்குழாயும் காற்றோட்டமும் இல்லாத குளியலறையில் கீசர் மாட்டுவதைச் சட்டம் தடுக்க வேண்டும். ஏழைக் குடும்பங்களுக்குச் சிலிண்டர் விலையைக் குறைக்க வேண்டும்.

வாலாஜா அரசு மருத்துவமனை முதல் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை பிராணவாயு எப்போதும் தயாராக இருக்க வேண்டும். இந்த விஷத்தை ரத்தத்தில் கண்டறியும் சோதனை மாவட்ட அளவில் கிடைக்க வேண்டும். இச்சாவுகளை "மூச்சுத் திணறல்" என்று பொதுவாக எழுதி மூடாமல், தனியாகக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். கணக்கில் வராத சாவுக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

தொழிற்சங்கங்களுக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் ஒரு யோசனை. மழையும் மார்கழிக் குளிரும் வருமுன், சங்கத்துக்கு ஐந்து பேர் கொண்ட குழு அமைத்துத் தெருத் தெருவாகப் போங்கள். மொழி தெரியாத வெளி ராஜ்யத் தோழர்களின் அறைகளுக்கு முதலில் போங்கள். அவர்கள் மொழி பேசும் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். எந்த அறையில் காற்று வழி இல்லை, எங்கே கீசர் உள்ளே இருக்கிறது, எந்தத் தாய் கரி நெருப்பின் பக்கத்தில் படுத்திருக்கிறாள் என்று குறித்துக் கொள்ளுங்கள். சொல்லித் திருத்தக் கூடியதை அங்கேயே திருத்துங்கள். மீதியைப் பட்டியலாக்கி, வீட்டுச் சொந்தக்காரரின் முன்னும், ஆலை நிர்வாகத்தின் முன்னும், நகராட்சி கமிஷனரின் முன்னும், ராணிப்பேட்டை கலெக்டரின் முன்னும் வையுங்கள். பதில் வரும் வரையில் விடாதீர்கள்.

சுரங்கத்தில் குருவி சாய்ந்தால் ஆட்கள் வெளியேறினார்கள். கான்பூரிலும் பெலகாவியிலும் பெட்டதபுரத்திலும் கொடைக்கானலிலும் சாய்ந்தவை குருவிகளல்ல, மனிதர்கள். அடுத்த அறை நம் தெருவில் இருக்கிறது. அதன் ஜன்னலைத் திறக்க இன்றே புறப்படுங்கள்!